சுமைதாங்கிக்குப் பூட்டு

ராசாத்தி அக்கா தலையில் புல்லுக்கட்டோடு நின்றுகொண்டிருந்தார். எதிரே, சுமைதாங்கிக் கல்லைச் சுற்றிப் புதிதாகப் போட்ட கம்பி வேலி, கதவு. கதவில் பூட்டு. பூட்டின் மேல் ஒரு எலுமிச்சம்பழத்தைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள்.

வாய்க்கால் கரையில் அப்போதுதான் அறுத்த புல். கட்டிலிருந்து தண்ணீர் அவர் கழுத்து வழியாக இறங்கி, ரவிக்கையை நனைத்து, முழங்கையில் சொட்டிக்கொண்டிருந்தது. திருவாரூர் பஸ்ஸுக்காக வந்த நான் அவரைப் பார்த்ததும் பக்கத்தில் போனேன்.

“பூட்டிப்புட்டாங்க பாப்பா” என்றார். எனக்கு அறுபது தாண்டிவிட்டது, பேரன் எடுத்துவிட்டேன். அவருக்கு நான் இன்னும் பாப்பாதான்.

பையைக் கீழே வைத்துவிட்டுக் கட்டை இறக்கக் கை நீட்டினேன். தலையை அசைக்க முடியாததால் கண்ணை அசைத்து வேண்டாம் என்றார். அப்படியே திரும்பி, தார் ரோட்டின் ஓரமாக எங்கள் தெரு வரைக்கும் நடந்தார். எழுபதைத் தாண்டிய உடம்பு. கழுத்து நரம்பு புடைத்து நின்றது. நானும் பின்னாலேயே போனேன், பஸ் போய்விட்டது.

இத்தனை வாரமும் இந்தப் பத்தியில் ஆஸ்பத்திரியைப் பற்றியும் பிரசவ வார்டைப் பற்றியும் எழுதிவந்தேன். இந்த வாரம் ஒரு கல்லைப் பற்றி. கோபத்தோடுதான் எழுதுகிறேன். ரத்த அழுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன், யாரும் கவலைப்பட வேண்டாம்.

எங்கள் ஊரின் கல்வெட்டுகள்

எங்கள் ஊர் நீடாமங்கலத்துக்கும் திருவாரூருக்கும் நடுவே இருக்கிற ஒரு சின்னப் பேரூர். சுற்றிலும் வயல். ஊருக்குள் வந்தால் எங்கு திரும்பினாலும் கல்லில் பெயர். பஸ் நிலையத்தைத் திறந்துவைத்தவர் பெயர் ஒரு கல்லில். பஸ் நிலையத்தில் பஸ் நிற்பதில்லை, அது வேறு விஷயம். தண்ணீர்த் தொட்டியைக் கட்டிக் கொடுத்தவர், அவர் அப்பா, தாத்தா மூவர் பெயரும் இன்னொரு கல்லில். தொட்டியில் தண்ணீரைத்தான் காணோம்.

இவை போதாதென்று, போன வருடம் ஊர் வரலாற்றுப் பலகை என்று ஒரு திட்டம் வந்தது. பழைய இடங்களை எல்லாம் கண்டுபிடித்து, பக்கத்தில் நீல நிறப் பலகை வைத்து, இது இன்ன காலத்தது என்று எழுதுவார்கள். எங்கள் ஊரில் எது கொஞ்சம் பழசாக இருந்தாலும் அது சோழர் காலம்தான். குளம் சோழர் காலம். பெரிய மதகு சோழர் காலம். ரைஸ்மில் சுவரில் செங்கல் பெயர்ந்து கிடக்கிறதே, அதைக்கூட ஒருவர் சோழர் காலச் செங்கல் என்று எனக்குக் காட்டினார். அந்த மில்லைக் கட்டும்போது நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன்.

சிரித்துவிட்டுப் போயிருப்பேன். ஆனால் பலகை எங்கள் கல்லுக்கும் வந்தது. அங்கேதான் சிரிப்பு நின்றது.

தலைச்சுமைக்காரி

சுமைதாங்கியைப் பார்க்காத பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். இரண்டு கல் தூண், மேலே குறுக்காக ஒரு கல். ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். தலைச்சுமையைத் தரையில் இறக்கிவிட்டால் மறுபடி தூக்கிவிட இன்னொரு ஆள் வேண்டும். தனியாக நடந்து வருபவள் அந்த ஆளுக்கு எங்கே போவாள்? சுமைதாங்கி இருந்தால் அருகே போய்த் தலையைச் சாய்த்தால் போதும், சுமை குறுக்குக் கல்லுக்கு நகர்ந்துவிடும். மூச்சு வாங்கிவிட்டு, குனிந்து தலையைக் கொடுத்து எடுத்துக்கொண்டு போகலாம். யார் தயவும் தேவையில்லை.

பிள்ளைத்தாய்ச்சியாக இறந்துபோன பெண்ணின் நினைவாக அதை நட்டு வைப்பது நம் பக்கத்து வழக்கம். தன் வயிற்றுச் சுமையை இறக்காமலே போய்விட்டாள், அவள் பெயரால் மற்றவர்களாவது இறக்கட்டும் என்று வைப்பார்கள்.

எங்கள் கல் அஞ்சலைக்காக வைத்தது. அஞ்சலை என் பெரியம்மா, என் அம்மாவின் அக்கா. நான் அவரைப் பார்த்ததில்லை. அவருடைய மகள்தான் ராசாத்தி அக்கா. தாயில்லாத அந்தப் பிள்ளையை என் அம்மாதான் வளர்த்தார்.

சம்பா அறுப்புக் காலம். பெரியம்மாவுக்கு ஏழு மாதம். வயலிலிருந்து களத்துக்குக் கதிர்க்கட்டு சுமந்துகொண்டிருந்தார்கள். நடுவழியில் கட்டைத் தரையில் போட்டால் நெல்மணி உதிரும். உதிர்ந்தால், பண்ணையின் ஆட்களை மேய்த்துக்கொண்டிருந்த காரியக்காரர் கூலி நெல்லில் கைவைப்பார். அதனால் யாரும் போடமாட்டார்கள். வண்டிப்பாதை திரும்புகிற இடத்தில் பெரியம்மா கட்டோடு விழுந்தார். பின்னால் வந்த அம்மா தன் தலையிலிருந்த கட்டை வீசியெறிந்துவிட்டு ஓடியிருக்கிறார். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது, தாயும் போய்ச்சேர்ந்தார், வயிற்றிலிருந்த பிள்ளையும் போயிற்று.

அன்று மாலை காரியக்காரர், அம்மா வீசியெறிந்த கட்டைப் பற்றித்தான் முதலில் கேட்டாராம். இதைச் சொல்லும்போதெல்லாம் அம்மாவின் குரல் மாறிவிடும்.

எனக்கு நர்ஸ் வேலை கிடைத்த பிறகு, பெரியம்மாவுக்கு என்ன ஆகியிருக்கும் என்று ஊகிக்க முடிந்தது. வார்டில் அதே நிலைமையில் வந்த எத்தனையோ பெண்களைக் காப்பாற்றி அனுப்பியிருக்கிறோம். அப்படி ஒருத்தி பிள்ளையோடு வீட்டுக்குப் போகும்போதெல்லாம் எனக்கு அந்த வண்டிப்பாதைத் திருப்பம் நினைவுக்கு வரும்.

அம்மி கொத்துகிறவர்

கல் நட வேண்டும் என்று முடிவு செய்தது எங்கள் தெரு. அரசாங்கம் எங்கள் தெருவுக்கு நல்ல பெயர்களாகத்தான் வைத்துப் பார்த்தது, ஊர்க்காரர்கள் வாயில் அது காலனிதான். குளத்துப் பக்கம் ஏற்கெனவே ஒரு சுமைதாங்கி இருந்தது, பண்ணை வீட்டார் வைத்தது. அதில் எங்கள் பெண்கள் சுமை வைக்கக்கூடாது. தீட்டாம். கல்லுக்குக்கூடத் தீட்டு ஒட்டும் என்று கண்டுபிடித்த மகராசன் யாரோ.

புது மதகு கட்டியபோது பழைய மதகுக் கற்களை வாய்க்கால் ஓரத்திலேயே போட்டிருந்தார்கள். கேட்பாரற்றுக் கிடந்தன. காணும் பொங்கல் அன்று, பட்டப்பகலில், தெருவே சேர்ந்து கயிறு கட்டி இழுத்து வந்து அந்தத் திருப்பத்தில் நட்டது. பண்ணை நிலத்தில் நட்டால் பிடுங்கிப் போடுவார்கள் என்று தெரியும். அதனால் ரோட்டுப் புறம்போக்கில் நட்டார்கள். காரியக்காரர் வந்து பார்த்துவிட்டு, யாரைக் கேட்டு வைத்தீர்கள் என்றாராம். தெருக்காரர்கள் குழிக்குள் மண்ணைத் தள்ளி மிதித்துக்கொண்டே இருந்தார்களாம்.

கல்லில் பெயர் வெட்ட ஆசாரியைக் கூப்பிட எங்களிடம் வசதி இல்லை. தெருத் தெருவாக அம்மி கொத்த வருகிறவர் ஒருவர் இருந்தார். அவரும் எங்களைப் போல ஏழைதான். அம்மிக்குப் புள்ளி வைக்கிற அதே உளியால், புள்ளி புள்ளியாகவே எழுத்தைக் கொத்தினார். ‘அஞ்சலை’ என்று கொத்திவிட்டு எழுந்தவரை அம்மா விடவில்லை. அப்போது அம்மாவுக்குக் கல்யாணம்கூட ஆகவில்லை, சின்னப் பெண்.

“இன்னொரு வரி கொத்துங்க” என்றாராம் அம்மா. “யாரும் சுமை எறக்கலாம்னு கொத்துங்க.”

அதைத்தான் கொத்தினார். அஞ்சலை. யாரும் சுமை இறக்கலாம். முதலில் எங்கள் பெண்கள்தான் வைத்தார்கள். பிறகு ஒரு சித்திரை வெயிலில், குடியானத் தெருவிலிருந்து தயிர் கொண்டுபோகிற அம்மா ஒருவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் கூடையை இறக்கினாராம். அம்மா தூரத்தில் நின்று அதைப் பார்த்திருக்கிறார். வேறொரு கல்லில் நம்மை விடாதவர்கள் ஆயிற்றே என்று நினைத்து, பிறகு, இருக்கட்டும், எழுதி வைத்தது எழுதி வைத்ததுதான் என்று விட்டுவிட்டாராம். எனக்கு அந்தப் பெருந்தன்மை வராது. அம்மாவுக்கு இருந்தது.

அம்மன் ஆன கதை

ராசாத்தி அக்காவிடம் அவருடைய அம்மாவின் போட்டோ கிடையாது. சேலைத் துணி ஒன்று கிடையாது. முகமே நினைவில்லை. இருப்பது அந்தக் கல்லும் அதிலுள்ள பெயரும்தான். மாட்டுக்குப் புல் அறுத்து வரும்போது தினமும் அதில் கட்டை வைத்து, தூணில் முதுகைச் சாய்த்து, வெற்றிலை போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். வருடத்துக்கு ஒருநாள் கல்லைக் கழுவி மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, ஒரு முழம் பூ சுற்றுவார்.

அந்த மஞ்சளில்தான் வினை ஆரம்பித்தது. நம் ஊரில் நிமிர்ந்து நிற்கிற கல்லில் மஞ்சளைப் பார்த்தால் அடுத்தவர் சும்மா போவாரா? பஸ்ஸுக்கு நின்ற யாரோ கும்பிட்டார். அவர் மருமகளுக்குக் குழந்தை தங்கியதாம். அடுத்து இரண்டு பேர் தொட்டில் கட்டினார்கள். பிறகு சூடம், மஞ்சள் புடவை, வெள்ளிக்கிழமை பொங்கல். மஞ்சள் மேல் மஞ்சள் அப்பி, எழுத்து இருந்த இடமே தெரியாமல் போய்விட்டது. கடைசியில் உரக்கடை கோவிந்தசாமி தலைமையில் ஒரு கமிட்டி. சுமைதாங்கி அம்மன் என்று பெயர். கம்பி வேலி, கதவு, பூட்டு.

கோவிந்தசாமி கெட்டவர் இல்லை. குத்தகைக்கு நிலம் பிடித்து விவசாயம் பார்த்து, பிறகு கடை வைத்து முன்னுக்கு வந்தவர். பூட்டைப் பார்த்த அன்றே அவர் கடைக்குப் போனேன். நாற்காலி போட்டு உட்காரவைத்தார், டீ வரவழைத்தார்.

“நாங்க என்ன கெடுதலா பண்ணிட்டோம் நர்ஸம்மா? கேட்பாரத்துக் கெடந்த கல்ல சாமியா வச்சுக் கும்புடுறோம்” என்றார்.

கேட்பாரற்றுக் கிடக்கவில்லை, தினமும் ஒருத்தி அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தாள் என்றேன். சாமி தலையில் புல்லுக்கட்டு வைக்கலாமா என்று அவர் கேட்டார். அது சாமி இல்லை, என் பெரியம்மா என்றேன். அவர் அதற்கும் தயாராகத்தான் இருந்தார். நல்லதாகப் போயிற்று, உங்கள் வீட்டுப் பெண்ணே தெய்வமாகிவிட்டாள், பெருமைதானே என்றார்.

“ராசாத்தியும் வரட்டும். வேணாங்கல. வெளில நின்னு கும்புட்டுக்கட்டும்.”

டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். வெளியில் நின்று கும்பிடுவது என்றால் என்ன என்று எங்கள் தெருவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. எத்தனை கோவில் வாசலில் நின்றிருக்கிறோம். எங்கள் வீட்டில் செத்தவளைக் கும்பிடவும் வெளியில்தான் நிற்க வேண்டுமா?

இன்னொன்றும் என் நெஞ்சை அறுத்தது. பிள்ளை வரமாம். என் பெரியம்மாவுக்கு வரம் கொடுக்கிற சக்தி இருந்திருந்தால் முதலில் தன் வயிற்றுப் பிள்ளையைக் காப்பாற்றியிருக்க மாட்டாரா? ஏழு மாதக் கர்ப்பிணியைக் கட்டு சுமக்கவைத்துக் கொன்றோம் என்று சொல்ல இந்த ஊருக்கு வாய் வரவில்லை. அம்மன் என்று சொல்லிவிட்டால் கதை முடிந்தது, யார் மீதும் குற்றமில்லை.

பேரூராட்சிக்கும் போனேன். செயல் அலுவலர் சின்ன வயதுப் பெண், மரியாதையாகப் பேசினார். பலகையில் சோழர் காலச் சுமைதாங்கி அம்மன் என்று எழுதத் தீர்மானம் ஆகிவிட்டது, அஞ்சலை என்பதற்கு ஆதாரம் வேண்டும் என்றார். சோழர் காலம் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்டேன்.

“ஊர்ல எல்லாரும் அப்படித்தாம்மா சொல்றாங்க” என்றார்.

எல்லாரும் என்பதில் நாங்கள் இல்லை. அதை அவரிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

திறப்பு விழா

பலகை திறக்கிற நாள் ஒரு தை வெள்ளிக்கிழமை. பந்தல், மேளம், வாழைமரம், மைக் செட். ஊர் முழுக்க வந்திருந்தது. செயல் அலுவலர் பட்டுப்புடவையில் வந்திருந்தார். நானும் எங்கள் தெருப் பெண்கள் சிலரும் வேலிக்கு வெளியே நின்றோம். என்ன செய்யப்போகிறோம் என்று எங்களுக்கே தெரியாது. ராசாத்தி அக்காவைக் காணோம்.

பூசை தொடங்குகிற நேரத்தில் வாய்க்கால் பக்கமிருந்து அவர் வந்தார். தலையில் புல்லுக்கட்டு. தினமும் சுமப்பதைவிடப் பெரிய கட்டு, வேண்டுமென்றே பெரிதாகக் கட்டியிருக்கிறார். பந்தலுக்குள் நுழைந்து, விருந்தினர் நாற்காலிகளுக்கு நடுவே நடந்து, கதவுக்கு முன்னால் போய் நின்றார். பூசாரி உள்ளே போய்ச் சாத்திய கதவு, உட்புறம் கொக்கி போட்டிருந்தது. கட்டிலிருந்து தண்ணீர் புது விரிப்பில் சொட்டியது.

“தெறங்க. எறக்கணும்” என்றார்.

மேளம் நின்றது. கோவிந்தசாமி ஓடிவந்து, இன்றைக்கு ஒருநாள் விட்டுக்கொடுக்கக் கூடாதா என்று கெஞ்சினார். இரண்டு பேர் வந்து, நாங்கள் இறக்கி வைக்கிறோம் என்று கட்டில் கைவைத்தார்கள்.

“யாரும் தொடாதீங்க. எங்கம்மா எறக்குவா.”

கட்டோடு அப்படியே நின்றார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. முதலில் முணுமுணுத்தவர்கள் பிறகு திட்டினார்கள், அதன் பிறகு அடங்கிவிட்டார்கள். அக்காவின் கால் நடுங்க ஆரம்பித்தது. வார்டில் மயங்கி விழப்போகிறவர்களை நிறையப் பார்த்தவள் நான். இன்னும் கொஞ்ச நேரம்தான் தாங்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. போய்ப் பிடிக்கலாமா என்று ஒரு அடி எடுத்து வைத்தேன். பிடித்தால் அவர் என்னை மன்னிக்க மாட்டார். நின்றுவிட்டேன். என் வாழ்க்கையில் ஒரு நோயாளியை அப்படிப் பார்த்துக்கொண்டு நின்றதில்லை. அக்காவிடம் போகாமல் கோவிந்தசாமியிடம் போனேன்.

“அண்ணே, இதே எடத்துல கட்டோட ஒருத்தி விழுந்தாச்சு. அவ மகளும் விழணுமா?”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அக்காவின் காலைப் பார்த்தார். பூசாரி உள்ளிருந்து ஏதோ சொல்லச் சொல்ல, கம்பிக்குள் கையை விட்டு அவரே கொக்கியை எடுத்தார்.

அக்கா உள்ளே போனார். மாலைகளுக்கு முன்னால் நின்று தலையைச் சாய்த்தார். கட்டு குறுக்குக் கல்லின் மேல் நகர்ந்து உட்கார்ந்தது. ரோஜா மாலை நசுங்கியது. கூட்டத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டவர்கள் உண்டு. அம்மன் கண்ணைக் குத்தும் என்று ஒரு குரல் கேட்டது. அக்கா தூணில் முதுகைச் சாய்த்து மூச்சு வாங்கினார், பிறகு இடுப்பிலிருந்த வெற்றிலைப் பையை அவிழ்த்தார்.

புல்லிலிருந்து வழிந்த தண்ணீர் கல்லில் இறங்கி மஞ்சளைக் கரைக்கத் தொடங்கியிருந்தது. நான் போய் முந்தானையால் அழுத்தித் துடைத்தேன். அடுக்கடுக்காக அப்பிய மஞ்சள், லேசில் போகவில்லை. எங்கள் தெருப் பெண்களும் வந்து துடைத்தார்கள். புள்ளி புள்ளியாக எழுத்து வந்தது. செயல் அலுவலர் குனிந்து, விரலால் தடவித் தடவி, வாய்க்குள் படித்தார். மைக் பக்கத்தில் இருந்தது. அவர் மெதுவாகப் படித்தது ஊருக்கே கேட்டது.

புல் வாசனை

பலகையை அன்று திறந்துவிட்டார்கள். அது இன்னும் சோழர் காலம் என்றுதான் சொல்கிறது. திருத்த மேலே எழுதியிருக்கிறோம் என்கிறார்கள். எழுதட்டும், நான் வாராவாரம் போய்க் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். என்னைக் கண்டதும் ஆபீஸில் நாற்காலி போட்டுவிடுகிறார்கள்.

வேலி இருக்கிறது, கதவு இல்லை. கதவை யார் கழற்றினார்கள் என்று யாருக்கும் தெரியவில்லையாம். எங்கள் தெருவில் ஒரு கோழிக்கூண்டுக்குப் புதிதாக நல்ல இரும்புக் கதவு வந்திருக்கிறது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். ரேஷன் அரிசி தூக்கி வருகிற பெண்கள் இப்போது அங்கே இறக்கி வைக்கிறார்கள். கும்பிடுகிறவர்களும் வருகிறார்கள். கும்பிடட்டும், எங்களுக்கு ஒன்றுமில்லை.

போன வாரம் கமிட்டிக்காரர் ஒருவர், நான் இருக்கும்போதே, ராசாத்தி அக்காவிடம் பக்குவமாகச் சொல்லிப் பார்த்தார். வெளியூரிலிருந்து பக்தர்கள் வருகிறார்கள், சந்நிதியில் புல் வாசனையும் சேற்று வாசனையுமாக இருக்கிறது, அம்மனுக்கு ஆகாது, கட்டைக் கொஞ்சம் தள்ளி வைக்கக்கூடாதா என்றார்.

அக்கா வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, முதுகைத் தூணிலிருந்து எடுக்காமலே சொன்னார்:

“அம்மனுக்கு ஆவலன்னா அம்மன வேற எடம் பாத்துக்கச் சொல்லுங்க. எங்கம்மா இங்கதான் இருப்பா.”